கூடாரத்தை நனைப்பது எது?

ஆகஸ்ட் மாத இரவொன்றில் ரீயூனியன் தீவின் மேற்குக் கரையில், எர்மிதாஜ் கடற்கரைச் சவுக்கு மரங்களின் அடியில், ஒரு பருத்திப் போர்வையோடு படுத்துத் தூங்கிவிடலாம். அதே இரவில், அங்கிருந்து நேர்க்கோட்டில் முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத தொலைவில், பித்தோன் தெ நேஜ் சிகரத்துக்குக் கீழே கவெர்ன் துஃபூர் மலைத் தங்குமிடத்தை ஒட்டிக் கூடாரம் அடித்தவர், கம்பளித் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டு சுருண்டு கிடப்பார். விடியும்போது அவருடைய கூடாரத் துணி உறைபனி பிடித்து விறைத்திருந்தாலும் வியப்பில்லை. நாளும் ஒன்று, அட்சரேகையும் ஏறக்குறைய ஒன்று. மாறியது உயரம். கவெர்ன் துஃபூர் கடல் மட்டத்துக்கு மேல் 2,478 மீட்டரில் இருக்கிறது.

மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 700 கிலோமீட்டர் தள்ளி இந்தியப் பெருங்கடலில் கிடக்கும் இந்தத் தீவு, தென் அரைக்கோளத்தில் மகர ரேகைக்குச் சற்று வடக்கே உள்ளது. ஆகவே ஆகஸ்ட் அங்கே குளிர்காலம். பரப்பளவு வெறும் 2,512 சதுர கிலோமீட்டர். ஆனால் சுமார் 4,000 மீட்டர் ஆழக் கடலடியிலிருந்து எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக எழும்பி உருவான மலை இது. நீருக்கு மேலே தெரியும் பகுதி மட்டுமே 3,070 மீட்டர் உயரம். வடமேற்கில் பித்தோன் தெ நேஜ் ஓய்ந்துபோன எரிமலை. தென்கிழக்கில் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் இன்னும் அடிக்கடி பொங்குகிறது. ஓய்ந்த எரிமலையைச் சுற்றி மூன்று மாபெரும் பள்ளங்கள்: சிலாவோஸ், சலாசி, மஃபாத். மஃபாத்துக்குச் சாலையே கிடையாது. அங்கே வாழும் சில நூறு பேரும் நடந்தோ ஹெலிகாப்டரிலோதான் வெளியே வந்துபோகிறார்கள். தீவின் மலைநடைக்காரர்களுக்கு முதுகில் கூடாரத்தோடு மஃபாத்தைச் சுற்றிவருவது ஒரு திருவிழா மாதிரி.

தமிழர்களுக்கு இந்தத் தீவு அந்நியமில்லை. 1848இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பிறகு, கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரி, காரைக்கால், சென்னை வட்டாரங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறிப் போனார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே கோபுரம் எழுப்பிக் கோயில் கட்டுகிறார்கள், தீமிதிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காடுகளிலும் கடற்கரையிலும் குடும்பம் குடும்பமாக விறகடுப்பு மூட்டிப் பானையில் கறி சமைப்பது தீவு முழுமைக்கும் பொதுவான வழக்கமாகிவிட்டது. மசாலா போட்ட ஆட்டுக்கறியும் முருங்கையும் அந்தப் பானைக்குப் புதிதல்ல.

கூடாரம் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் முதலில் கேட்பது "மழை தாங்குமா?" என்றுதான். என் கணக்கில் அது இரண்டாவது கேள்வி. மழையே பெய்யாத இரவிலும் கூடாரம் நனைகிறது. அதை நனைப்பவர்கள் இருவர்: தலைக்கு மேலே திறந்து கிடக்கும் வானம் ஒருவர், உள்ளே மூச்சுவிட்டுத் தூங்குகிறவர் இன்னொருவர்.

முதலில் வானம். எந்தப் பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிர்களை வெளியே வீசிக்கொண்டே இருக்கும். கூடாரத்தின் கூரைத் துணியும் இரவு முழுவதும் மேல்நோக்கி வீசுகிறது. பதிலுக்கு வானம் எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மேகம் மூடியிருந்தால் மேகத்தின் அடிப்பகுதி ஓரளவு வெதுவெதுப்பானது. துணி இழப்பதில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். நட்சத்திரம் பளிச்சிடும் இரவில் திருப்பித் தர வேண்டியது காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும்தான், அவை தருவது குறைவு. தெளிந்த வானம் கூடாரத்தைப் பொறுத்தவரை, சுற்றியுள்ள காற்றைவிடப் பல டிகிரி குளிர்ந்த ஒரு கூரைபோல் நடந்துகொள்கிறது. துணியோ மெல்லியது, சேர்த்துவைத்த வெப்பம் என்று அதனிடம் எதுவும் இல்லை. எனவே பக்கத்திலுள்ள காற்றைவிட அது சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது.

காற்று தாங்கும் நீராவிக்கு ஓர் அளவு உண்டு. 27 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 26 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் ஒன்பதரை கிராம்கூடத் தாங்காது. கடற்கரைக் காற்று எப்போதும் ஈரத்தோடு, அந்த வரம்பை நெருங்கியே இருக்கிறது. அது குளிர்ந்த துணியைத் தொட்டதும் மிச்சம் நீர்த்துளியாக இறங்கிவிடும். சொட்டு மழை பெய்யாத இரவில், விடிகாலையில் கூரை நனைந்து தொங்குவது இதனால்தான்.

எர்மிதாஜில் கூடாரக்காரர்கள் சவுக்குத் தோப்பை நாடிப் போவது பகல் நிழலுக்காக. ஆனால் அந்த மரங்கள் இரவிலும் ஒரு வேலை செய்கின்றன. கூரைக்கும் வானத்துக்கும் நடுவில் கிளைகள் வந்துவிடுகின்றன. அவற்றின் வெப்பநிலை காற்றின் வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். துணி வீசும் கதிருக்கு ஏறக்குறைய ஈடான கதிர் மரத்திலிருந்து திரும்பி வருகிறது. இருபது அடி தள்ளித் திறந்த மணலில் நிற்கும் கூடாரம் பனியில் ஊறிக் கிடக்க, மரத்தடிக் கூடாரம் உலர்ந்தே இருக்கும். சவுக்கின் உதிர்ந்த ஊசிகள் மெத்தையாகப் படிந்து கீழே பெரும்பாலும் வேறெந்தச் செடியும் முளைக்காததால் தரையும் சுத்தம். காய்ந்த கிளை தலைக்கு மேலே தொங்குகிறதா என்று ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டால் போதும்.

அடுத்து, உள்ளே தூங்குகிறவர். மூச்சிலும் தோலிலும் நாம் அறியாமல் வெளியேறும் நீர், ஓர் இரவில் ஒருவருக்குச் சுமார் கால் லிட்டர். இருவர் படுத்த கூடாரத்தில் அரை லிட்டர் நீராவி வெளியேற வழி தேடும். வழி இல்லையென்றால் உட்சுவரில் வியர்வைபோல் அரும்பி, காலையில் தலையில் சொட்டும். "கூடாரம் ஒழுகுது" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களில் பாதிப் பேரின் புகார் உண்மையில் அவர்களுடைய மூச்சைப் பற்றியதுதான் என்று எனக்குச் சந்தேகம். கூடாரம் செய்பவர்கள் இதற்குக் கண்ட வழி இரட்டைச் சுவர். உள்ளே கொசுவலை போன்ற துணி. அதற்கு மேல் ஒரு கையகல இடைவெளி விட்டு நீர்புகாத வெளிக்கூரை. வானத்துக்கு வெப்பத்தை இழந்து குளிர்வது வெளிக்கூரை. நீராவி வலையைத் தாண்டிப் போய் அங்கே படிகிறது, துளிகள் அதன் சரிவில் ஓடித் தரையில் இறங்குகின்றன. இந்த ஏற்பாடு வேலை செய்ய வேண்டுமானால் மேலும் கீழும் காற்று நுழையும் வாய்கள் திறந்திருக்க வேண்டும். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் இழுத்து மூடினால் குளிரும் குறையாது, ஈரமும் சேரும்.

மேற்குக் கரையில் காற்று வரும் திசையும் இரவுக்குத் தக்கபடி மாறும். தென்கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்றைத் தீவின் மலைகளே மறித்துவிடுகின்றன. அவற்றின் மறைவில் கிடக்கும் கரையில் உள்ளூர்க் காற்றுகளின் ஆட்சிதான்: பகலில் நிலம் சூடாகிக் கடற்காற்றை இழுக்கும், இரவில் குளிர்ந்த மலைச்சரிவிலிருந்து காற்று கடலை நோக்கி இறங்கும். மாலையில் கடலைப் பார்த்து வாசல் வைத்தவர் நள்ளிரவில் புழுங்குவார். மலைப்பக்கமும் ஒரு திறப்பு வைத்தவர் நன்றாகத் தூங்குவார்.

மணலில் முளைக்குச்சி நிற்காது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. உலர்ந்த மணலில் பிடிப்பைத் தருவது மணிகளுக்கிடையேயான உராய்வும் மேலே கிடக்கும் மணலின் எடையும் மட்டுமே. மெல்லிய குச்சியைச் சுற்றி அந்த எடை மிகக் குறைவு. ஒரு பையில் மணலை நிரப்பிக் கயிறு கட்டி முழங்கை ஆழத்தில் புதைத்துவிட்டால், அதைப் பிடுங்க அதற்கு மேலுள்ள ஆப்பு வடிவ மணல் முழுவதையும் தூக்கியாக வேண்டும். எத்தான்-சாலே கடற்கரையில் மணல் கறுப்பு. பவளத்தூள் கலவாத எரிமலைப் பாறைத் துகள் அது. வெயிலை விழுங்கி நண்பகலில் காலை வைக்க முடியாதபடி கொதிக்கும்.

கடலுக்கு எவ்வளவு பக்கத்தில் படுக்கலாம்? இங்கே ஓதம் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே காய்ந்த பாசிக் கோட்டைப் பார்த்து அதற்கு மேலே இரண்டடி தள்ளிக் கூடாரம் அடித்தால் போதும் என்று தோன்றும். குளிர்காலத்தில் அந்தக் கணக்கு பிழைக்கும். தெற்கே, அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள பெருங்கடலில் எழும் புயல்கள் நீண்ட அலைகளைக் கிளப்பி அனுப்புகின்றன. பதினெட்டு விநாடிக்கு ஒரு முகடு என்ற அளவிலான அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். 3,000 கிலோமீட்டரை இரண்டரை நாளில் கடந்துவிடும். புயல் எங்கோ, தீவில் வானம் நீலம், காற்றே இல்லை. ஆனால் கரையில் அலை மளமளவென்று மேலேறுகிறது. எர்மிதாஜில் பவளப்பாறைத் திட்டு குறுக்கே நின்று பெரும்பங்கை உடைத்துவிடுகிறது. திட்டு இல்லாத கரைகளில் வானிலை அறிக்கையில் கடல் பற்றிய வரிகளையும் படித்தாக வேண்டும்.

இனி மழை. இரண்டாவது கேள்வி என்றாலும், அதற்கு இந்தத் தீவு தரும் பதில் உலகில் வேறெங்கும் இல்லாதது. ஈரமான வியாபாரக் காற்று கிழக்குச் சரிவில் மோதி மேலேறுகிறது. ஏறும் காற்று விரிகிறது, விரியும்போது குளிர்கிறது, குளிர்ந்ததும் தன் நீரைக் கொட்டுகிறது. மலையைத் தாண்டி மேற்கே இறங்கும் காற்று மறுபடி சூடாகி வறண்டுவிடும். மேற்குக் கரையின் சில இடங்களில் ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. கிழக்குச் சரிவின் உயரங்களில் அது 10,000 மில்லிமீட்டரைத் தாண்டும். இதோடு புயலும் சேர்ந்தால்? 1966 ஜனவரியில் டெனிஸ் புயலின்போது ஃபொக்-ஃபொக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. உலகச் சாதனையாக அது இன்னும் நிற்கிறது. சென்னைக்கு ஓராண்டு முழுவதும் கிடைக்கும் சராசரி சுமார் 1,400 மில்லிமீட்டர்தான். 2007 பிப்ரவரியில் கமேத் புயல் கொமர்சோன் எரிமலை வாய் அருகே மூன்றே நாளில் 3,930 மில்லிமீட்டரைக் கொட்டியது.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். மூன்று சதுர மீட்டர் கூரையுள்ள சிறிய கூடாரம் ஒன்று ஃபொக்-ஃபொக்கில் அன்று நின்றிருந்தால் அதன் மேல் ஐந்தாயிரம் லிட்டருக்கு மேல் விழுந்திருக்கும். கூடாரத்தின் சீட்டில் "3,000 மி.மீ." என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, 3,000 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அந்த எண்ணுக்கும் மழையளவுக்கும் தொடர்பே இல்லை. துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் நிரப்பினால், எத்தனை மில்லிமீட்டர் உயரம் வரை கசியாமல் தாங்குகிறது என்பதே அது. துணி தாங்கும் அழுத்தத்தின் அளவு. கூரைக்கு அது தாராளம். சிக்கல் தரைத்துணியில்தான்: ஈர மண்ணின் மேல் முழங்கால் ஊன்றும்போது, அந்தச் சிறு பரப்பில் நம் உடல் எடை தரும் அழுத்தம் மழைத்துளி தருவதைவிடப் பல மடங்கு அதிகம். பெரும்பாலான கூடாரங்களுக்குள் தண்ணீர் வருவது கீழேயிருந்து.

ஜனவரி, பிப்ரவரி புயல் காலத்தில் விவரமறிந்த யாரும் மலையில் கூடாரம் அடிப்பதில்லை. ஆனால் மற்ற மாதங்களிலும் ஓர் இடத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். அதுதான் பார்க்க மிக அழகான, மிகச் சமதளமான இடமாகவும் இருக்கும்: ஆற்றுப் படுகை. மஃபாத்திலிருந்து மேற்கே இறங்கும் ஆற்றின் பெயர் ரிவியேர் தெ கலே. கலே என்றால் கூழாங்கற்கள். ஆண்டின் பெரும்பகுதி ஓரத்தில் சிற்றோடையாக நெளியும் அதன் அகன்ற படுகையில் பானை அளவு, பீப்பாய் அளவு உருண்டைக் கற்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றை அங்கே கொண்டுவந்து போட்டது தண்ணீர். ஓடும் நீர் உருட்டக்கூடிய கல்லின் எடை, நீரோட்ட வேகத்தின் ஆறாம் படிக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரட்டித்தால் 64 மடங்கு எடையுள்ள கல் நகரும். மேலே மேகத்துக்குள் ஒரு மணி நேரம் கொட்டினால், கீழே வெயிலில் காயும் படுகையில் கலங்கல் சுவர்போல் வந்து நிற்கும். படுகையில் எந்த அளவுக் கல் கிடக்கிறதோ, அந்த அளவு வெள்ளம் ஒருநாள் அந்த வழியே போயிருக்கிறது என்று அர்த்தம். கூடாரம் அந்தக் கற்களைவிட மிக லேசானது.

படுகையை விட்டு மேலேறினாலும் பள்ளத்தாக்கின் அடித்தளம் வேறொரு வகையில் சரிப்படாது. இரவில் மலைச்சரிவின் தரையும் வானத்துக்கு வெப்பத்தை இழக்கிறது. அதைத் தொட்ட காற்று குளிர்ந்து கனத்துச் சரிவில் வழிந்து இறங்கி, பள்ளத்தின் அடியில் தேங்குகிறது. மஃபாத், சிலாவோஸ் போன்ற நாலாபுறமும் செங்குத்துச் சுவர் சூழ்ந்த இடங்களில் அது வெளியேற இடுக்கு வழிதான் உண்டு. ஆகவே பள்ளத்தின் தரையைவிட, ஒரு சிறு மேட்டின் தோளில் நாற்பது ஐம்பது மீட்டர் உயரத்தில் அடித்த கூடாரம் பெரும்பாலும் கதகதப்பாக இருக்கும். உயரம் கூடினால் குளிர் கூடும் என்ற பொது விதி இரவில், அந்தச் சில பத்து மீட்டருக்குள் தலைகீழாகிவிடுகிறது.

இதே தலைகீழ் விளையாட்டு மிகப் பெரிய அளவில் தீவின் வானத்திலும் நடக்கிறது. வியாபாரக் காற்று வீசும் வெப்பமண்டலக் கடல்களுக்கு மேலே, பொதுவாக 2,000 மீட்டரைத் தாண்டிய ஏதோ ஓர் உயரத்தில், மேலிருந்து அமிழ்ந்து இறங்கும் வறண்ட வெப்பக் காற்று ஒரு மூடிபோல் படர்ந்திருக்கும். கீழேயிருந்து எழும் ஈரக் காற்று அதைத் துளைத்து மேலே போக முடியாமல் அங்கேயே பரந்து மேகமாகிவிடுகிறது. காலையில் வெயில் பட்டதும் சரிவுகளில் காற்று மேலேறத் தொடங்கும். பத்து, பதினொரு மணிக்குள் பள்ளங்களை மேகம் நிரப்பிவிடும். மாயிதோ முனையில் நின்று மஃபாத்தைப் பார்க்க வருகிறவர்கள் இருட்டிலேயே காரைக் கிளப்புவது இதற்காகத்தான். பித்தோன் தெ நேஜ் ஏறுபவர்கள் கவெர்ன் துஃபூரில் இரவு தங்கி அதிகாலை மூன்று மணிவாக்கில் விளக்கோடு புறப்படுவதும் இதற்காகத்தான்.

அந்த மூடிக்கு மேலே கூடாரம் அடித்தால் மழைக்குப் பயமில்லை என்று நினைக்கத் தோன்றும். ஓரளவு சரிதான். ஆனால் அங்கே காற்று வறண்டது. வானத்திலிருந்து கதிரைத் திருப்பித் தர வேண்டிய நீராவியில் பெரும்பகுதி காலுக்குக் கீழே மேகத்தில் தங்கிவிட்டது. கடற்கரையில் பனியாக இறங்கிய அதே இழப்பு இங்கே இன்னும் கடுமையாகிறது. சராசரியாக ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்று குறையும் வெப்பநிலையும் இதோடு சேர்ந்துகொள்ள, குளிர்கால இரவுகளில் காற்றே பூச்சியத்தை நெருங்கும்போது தரையும் துணியும் அதற்குக் கீழே போய்விடுகின்றன. பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலைக்குப் போகும் வழியில் 2,200 மீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கும் ப்ளேன் தெ சாப்ள் என்னும் செம்மணல் வெளியில் மறைக்க ஒரு மரமும் கிடையாது.

இந்த உயரத்தில் ஸ்லீப்பிங் பேக்கைவிட அதற்குக் கீழே விரிக்கும் பாயில் பணத்தைப் போடுவது புத்திசாலித்தனம். பைக்குள் வெதுவெதுப்பைக் காப்பது இழைகளுக்கிடையே சிக்கிய காற்றுதான். உடலின் எடை அடிப்பக்கத்தை நசுக்கிவிடுவதால் அங்கே அந்தக் காற்று இல்லை. வெப்பம் நேரே தரைக்குள் இறங்குகிறது. நடுங்கி விழித்தவர் மேலே போர்த்திக்கொள்ள இன்னொன்றைத் தேடுவார். தேவை கீழே இருக்கும்.

சமைப்பவருக்கும் ஒரு வார்த்தை. கவெர்ன் துஃபூர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்குதான். தண்ணீர் 92 டிகிரிக்குள் கொதித்துவிடும். எவ்வளவு தீயை ஏற்றினாலும் அதற்கு மேல் சூடேறாது, ஆவியாகும் வேகம் மட்டும் கூடும். அரிசி நடுவில் கடினமாகவே நிற்கும், பருப்பைப் பற்றிப் பேச்சே வேண்டாம். கரையிலேயே வேகவைத்து எடுத்துப்போனால் எரிபொருளும் மிச்சம். மேலே விறகு பொறுக்கித் தீ மூட்டுவது இப்போது எளிதில் மன்னிக்கப்படும் காரியமும் அல்ல. 2010இலும் 2011இலும் மாயிதோ சரிவுகளில் பெருந்தீ பரவி அரிய காட்டை அழித்தது. அங்கே நிற்கும் உயர்நிலக் கருவேல இனமான தமாரின் மரத்துக்கு விந்தையான வம்சாவளி உண்டு. அதன் மிக நெருங்கிய உறவு ஆப்பிரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இல்லை, ஹவாயின் கோவா மரம்தான் என்று மரபணு ஆய்வு 2014இல் காட்டியது. சுமார் 18,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, மனிதர் கப்பல் கட்டுவதற்கு வெகுகாலம் முன்பே, ஒரு விதை எப்படியோ இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. கடற்பறவையின் வயிற்றில் வந்திருக்கலாம் என்கிறார்கள்.

தீவில் நச்சுப் பாம்பு கிடையாது, கொடிய விலங்கும் கிடையாது. கூடாரக்காரர் அஞ்ச வேண்டியது ஆசியப் புலிக்கொசுவுக்கு. 2005-06இல் அங்கே பரவிய சிக்குன்குனியா, மக்களில் மூன்றில் ஒருவரைத் தாக்கியது. வைரஸில் ஏற்பட்ட ஒரே ஒரு சிறு மாற்றம், இந்தக் கொசுவின் உடலில் அது எளிதாகப் பெருக வழிசெய்துவிட்டது. 2006இல் தமிழகத்தில் மூட்டுவலியோடு சுவரைப் பிடித்து நடந்தவர்கள் அந்த நோயை மறந்திருக்கமாட்டார்கள். 2025இலும் தீவில் அது பெரிய அளவில் திரும்பி வந்தது. இந்தக் கொசு பகலில், குறிப்பாகக் காலையிலும் அந்தி சாயும் முன்னும் கடிக்கும். இரவில் வலைக்குள் பத்திரமாக இருப்பவர், மாலை ஐந்து மணிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போதே கடி வாங்கிவிடுகிறார். முழுக்கைச் சட்டையை அந்த நேரத்தில் போட வேண்டும்.

திரும்பி வந்த பிறகு செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில் ஈரத்தோடு சுருட்டிப் பையில் திணித்த கூடாரத்தை அப்படியே பரணில் போட்டுவிடுகிறார்கள். நீர்புகாமைக்காகத் துணியில் பூசியிருக்கும் பாலியூரித்தேன் படலத்தின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஈரமும் சூடும் சேர்ந்து மெல்ல மெல்லத் துண்டாக்கும். அடுத்த முறை பிரிக்கும்போது துணி பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், நாற்றமடிக்கும், பூச்சு செதில் செதிலாக உரியும். அதைச் சரிசெய்ய வழியில்லை. வீட்டுக்கு வந்த அன்றே பிரித்து, நேர்வெயில் படாத நிழலில், மடிப்புகளின் உட்புறமும் தையல்களும் காயும்வரை தொங்கவிட வேண்டும். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் புறஊதாக் கதிர் நைலான் இழையை நைந்துபோகச் செய்யும். மடிக்கும்போது ஒவ்வொரு முறையும் அதே மடிப்பில் மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி வைத்தால், அந்தக் கோடுகளில் பூச்சு வெடிப்பதும் தள்ளிப்போகும்.